அமால்ஃபி கடலோரத்தில் ஏழு இரவுகள்: அவசரமில்லாத விடுமுறைக்குத் திட்டமிடுவது எப்படி?

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்குத் தெற்கே கடலுக்குள் நீண்டு கிடக்கிறது சொரெந்தோ தீபகற்பம். அதன் தென்பக்கச் சரிவுதான் அமால்ஃபி கடலோரம். கிழக்கே வியெத்ரி, மேற்கே பொஸித்தானோ, இடையில் மலையிலும் கரையிலுமாக மொத்தம் 13 ஊராட்சிகள். 1997இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வரைபடத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஐம்பது கிலோமீட்டர்கூட இருக்காது. அதைப் பார்த்துவிட்டு "இரண்டு நாள் போதும், வழியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிடலாம்" என்று கிளம்புகிறவர்கள் அந்த இரண்டு நாளையும் பஸ் நிறுத்தத்திலேயே கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

எஸ்எஸ் 163 என்ற இந்தக் கரையோரச் சாலை 19ஆம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு முன் இங்கே போக்குவரத்து என்றால் கடல், இல்லாவிட்டால் படிக்கட்டு. வெனிஸ், பிசா, ஜெனோவா ஆகியவற்றோடு சேர்த்துப் பேசப்பட்ட கடல் வணிகக் குடியரசாக அமால்ஃபி இருந்த காலத்திலும் அதன் வாசல் கடல் பக்கம்தான். வீடுகளும் கோயில்களும் சந்தைகளும் அந்தக் கணக்கில் அமைந்தவை. உங்கள் திட்டமும் அதே கணக்கில் இருக்கட்டும்: தூரம் போகப் படகு, ஊருக்குள் கால், இரண்டும் ஒத்துவராதபோது மட்டும் பஸ்.

எந்த மாதம் போவது?

மே மாதமும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரையும்தான் நல்ல காலம். மேயில் மலைச்சரிவு பசுமையாக இருக்கும். நடப்பதற்கு வெயில் இதமாக இருக்கும். ஆனால் கடல் நீர் 18, 19 டிகிரிதான். நம்மில் பலருக்கு அது நடுங்க வைக்கும் குளிர். நீந்துவதுதான் முக்கியம் என்றால் செப்டம்பரே சரி. கோடை முழுக்கச் சூடேறிய நீர் அப்போது 24 டிகிரியை ஒட்டி இருக்கும்.

ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். ஆகஸ்ட் 15 இத்தாலியர்களின் பெரிய விடுமுறை நாள். அதன் முன்னும் பின்னும் நாடே கடற்கரைக்கு வந்துவிடும், அறை வாடகையும் ஏறிவிடும். நவம்பரிலிருந்து மார்ச் வரை நேர்மாறு: மழை அதிகம், பல விடுதிகளும் உணவகங்களும் மூடிக் கிடக்கும், பெரும்பாலான படகுகள் ஓடாது. படகுச் சேவை பொதுவாக ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் கடைசி வரை இருக்கும் என்று வைத்துக்கொண்டு நாள் குறியுங்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கடைசிக் கெடு 15 நாள். அந்தக் கெடுவை நம்பி இருக்காதீர்கள். கோடைப் பயணத்துக்கு நேர்முகத் தேதி கிடைப்பதே பெரும்பாடு என்பதால் மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்குவது நல்லது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பார்த்து முதலில் பதிவு செய்யுங்கள். விசா கைக்கு வந்த பிறகு வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.

எந்த ஊரில் தங்குவது?

விடுமுறை நிம்மதியாக அமையுமா என்பதை மற்ற எதையும்விட இந்த ஒரு முடிவுதான் தீர்மானிக்கிறது. ஏழு இரவு என்றால் ஏழும் ஒரே ஊரில் தங்குங்கள்; திரும்பும் விமானம் காலையில் என்றால் மட்டும் கடைசி இரவு வேறு. இரண்டு நாளுக்கு ஒரு முறை விடுதி மாறினால், மாறும் ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டுவதிலும் படி ஏறி இறங்குவதிலும் அறை தயாராகக் காத்திருப்பதிலும் போய்விடும்.

படத்தில் பார்த்து எல்லோரும் ஆசைப்படுவது பொஸித்தானோ. அழகான ஊர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் வாடகை மிக அதிகம், செங்குத்தான சரிவு, காலை பத்து மணிக்கு மேல் பகல் பயணிகளின் கூட்டம் நிரம்பிவிடும். அங்கே பகலில் ஒரு முறை போய் வந்தால் போதும்.

முதல் முறை போகிறவர்களுக்கு மினோரியைச் சொல்லலாம். ஊர் கடல் மட்டத்தில் சமதளமாக இருக்கிறது. படகுத்துறை, பஸ் நிறுத்தம், கடற்கரை, மளிகைக் கடை எல்லாம் சில நிமிட நடை. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய மாளிகை ஒன்றின் எச்சம் ஊர் நடுவிலேயே இருக்கிறது. பஸ்ஸில் அமால்ஃபிக்குக் கால் மணி நேரம்தான். பக்கத்து ஊரான மயோரிக்கு இந்தக் கடலோரத்திலேயே நீளமான கடற்கரை; சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் உள்ள குடும்பத்துக்கு அது இன்னும் வசதி. கூட்டத்துக்கு நடுவிலும் அமைதி வேண்டுமென்றால் அத்ரானி: பரப்பளவில் இத்தாலியின் மிகச் சிறிய ஊராட்சி அது, 0.12 சதுர கிலோமீட்டர்தான். மலையைக் குடைந்த நடைவழியில் பத்து நிமிடத்தில் அமால்ஃபி. சூரிய அஸ்தமனம் முக்கியம் என்றால் ப்ரயானோ. அது மேற்குப் பார்த்த ஊர். மற்ற பல ஊர்களில் மலை மறைத்துவிடுவதால் மாலை ஆகும் முன்பே கடற்கரையில் நிழல் விழுந்துவிடும்.

அறையைப் பதிவு செய்யும் முன் விடுதிக்காரரிடம் எழுதிக் கேட்க வேண்டியவை: பஸ் நிறுத்தத்திலிருந்து அறை வாசல் வரை எத்தனை படி? மேலேயா கீழேயா? மின்தூக்கி இருந்தால், அது தெரு மட்டத்திலிருந்தே தொடங்குகிறதா? பெட்டி தூக்க ஆள் கிடைக்குமா, ஒரு பெட்டிக்கு என்ன கூலி? "கொஞ்சம் படிதான்" என்று பதில் வந்தால் விடாமல் எண்ணிக்கையைக் கேளுங்கள். இருநூறு படிக்கு மேலே, சக்கரம் உருளாத கல்பாவிய சந்தில், இருபது கிலோ பெட்டியோடு போவது எப்படி இருக்கும் என்பது அறையின் படத்தில் தெரியாது. ஆளுக்கு ஒரு சிறிய பெட்டி, முதுகில் ஒரு பை, அதற்கு மேல் வேண்டாம்.

சலெர்னோ வழியாக, கடலில் போய்ச் சேருங்கள்

பெரும்பாலோர் நேப்பிள்ஸில் இறங்கி, சொரெந்தோவுக்குக் கூட்டம் நெரியும் உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே போய், அங்கிருந்து பஸ் பிடிக்கிறார்கள். மினோரி, மயோரி, அமால்ஃபி பக்கம் தங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி சலெர்னோ. ரோமின் தெர்மினி நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். நேப்பிள்ஸிலிருந்து முக்கால் மணிக்குள். நேப்பிள்ஸ் விமான நிலையத்தில் இறங்கினால் அலிபஸ் என்ற பேருந்து மத்திய ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விடும். அதிவேக ரயிலின் டிக்கெட்டை முன்கூட்டி எடுத்தால் விலை நன்றாகக் குறையும். பிராந்திய ரயிலுக்கு விலை மாறாது. ஆனால் தாள் டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்தியாக வேண்டும், மறந்தால் அபராதம்.

சலெர்னோ ரயில் நிலையத்துக்கு வெளியே வந்து கடலை நோக்கிச் சில நிமிடம் நடந்தால் பியாத்ஸா தெல்லா கொங்கோர்தியா படகுத்துறை. அமால்ஃபிக்கு 35 நிமிடம், பொஸித்தானோவுக்கு 70 நிமிடம் அளவில் ஆகும். வழியில் செத்தாரா, மயோரி, மினோரியில் நிற்கும் படகுகளும் உண்டு. அமால்ஃபி வரை ஆளுக்குப் பத்து யூரோவை ஒட்டிய கட்டணம், பெரிய பெட்டிக்குச் சில யூரோ கூடுதல். சில படகுகள் ஊரின் மேற்கே தள்ளியிருக்கும் மோலோ மான்ஃபிரெதி துறையிலிருந்து கிளம்பும். டிக்கெட்டில் எந்தத் துறை போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவறான துறையில் நின்றால் நடந்து போய்ப் பிடிக்க முடியாது.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. ரயில் தேடும்போது "வியெத்ரி சுல் மாரே - அமால்ஃபி" என்று ஒரு நிலையம் வரும். அமால்ஃபியில் ரயிலே கிடையாது. அந்த நிலையம் இருப்பது வியெத்ரியில். அமால்ஃபிக்கு அங்கிருந்து இருபது கிலோமீட்டர் வளைவுச் சாலை.

பஸ்ஸைப் பற்றி

சீத்தா நிறுவனத்தின் பஸ்கள்தான் இந்தச் சாலையின் உயிர். சொரெந்தோ - அமால்ஃபி, அமால்ஃபி - சலெர்னோ, அமால்ஃபி - ராவெல்லோ, அமால்ஃபி - அஜெரோலா ஆகியவை உங்களுக்குத் தேவைப்படும் தடங்கள். டிக்கெட்டை ஏறும் முன்பே வாங்கிவிட வேண்டும். "தபாக்கி" எனப்படும், ஆங்கில 'டி' எழுத்துப் பலகை மாட்டிய சிறு கடைகளிலும் சில காப்பிக் கடைகளிலும் கிடைக்கும். மதியம் இந்தக் கடைகள் மூடியிருக்கும், ஞாயிறு அதைவிடச் சிரமம். போக வர இரண்டு டிக்கெட்டையும் காலையிலேயே வாங்கி வையுங்கள். ஏறியதும் ஓட்டுநர் அருகே உள்ள இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் மூன்று நான்கு முறை ஏறி இறங்குவதானால் 24 மணி நேரச் சீட்டு லாபம்.

சீசனில் பஸ் நிரம்பிவிட்டால் இடையில் உள்ள நிறுத்தங்களில் நிற்காமலே போய்விடும். கை காட்டிப் பயனில்லை. முடிந்தவரை தடம் தொடங்கும் இடத்தில் ஏறுங்கள்: அமால்ஃபியில் கடலோரத்து பியாத்ஸா ஃப்ளாவியோ ஜோயா, சொரெந்தோவில் ரயில் நிலைய வாசல். பொஸித்தானோவில் பெரிய பஸ் நிற்பது இரண்டே இடங்களில், இரண்டும் மேலே சாலையில். அமால்ஃபி பக்கத்து நிறுத்தம் ஸ்போந்தா. கடற்கரைக்கு இறங்க அதுதான் சுலபம். சொரெந்தோ பக்கத்தில் இருப்பது கியேஸா நுவோவா.

சொரெந்தோவிலிருந்து அமால்ஃபி போகும்போது வலப்பக்கமும், சலெர்னோவிலிருந்து போகும்போது இடப்பக்கமும் உட்கார்ந்தால் கடல் தெரியும். இத்தாலியில் வாகனம் வலப்பக்கம் போவதால், சொரெந்தோவிலிருந்து வருகிற பஸ் பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே வரும். ஒரு வளைவில் என்ன நடக்கிறது என்று கவனித்தால் இங்கே நேரத்தைக் கணக்கிடுவது ஏன் கஷ்டம் என்பது புரியும். பாறை துருத்திய முனைக்கு முன்னால் ஓட்டுநர் நீளமாக ஹாரன் அடிக்கிறார். எதிரிலிருந்து பதில் ஹாரன் வந்தால் நிறுத்திவிடுகிறார். எதிர்ப்பக்கப் பஸ்ஸின் மூக்கு தெரிகிறது. இந்தப் பஸ் பின்வாங்க வேண்டும். பின்னால் ஒட்டி நிற்கும் நான்கு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்வாங்க வேண்டும். இரண்டு பஸ்களும் ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு சாண் இடைவெளியில் ஊர்ந்து கடக்கின்றன. நடுவில் வாடகைக் கார் ஓட்டும் புதியவர் ஒருவர் பயந்துபோய் நின்றுவிட்டால், பத்து நிமிடம் போய்விடும். குமட்டல் வருகிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது.

ஆகவே கார் எடுக்காதீர்கள். கோடை வார இறுதிகளிலும் ஆகஸ்ட் முழுவதும் பகலில் ஒற்றை, இரட்டை எண் பலகை முறைக் கட்டுப்பாடு உண்டு. வாகன நிறுத்தக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். பல ஊர்களின் மையத்தில் வெளியார் வண்டிக்கு அனுமதி இல்லை. கேமரா படம் பிடித்துவிடும், அபராதச் சீட்டு சில மாதம் கழித்து வீடு தேடி வரும்.

ஏழு நாளை எப்படிப் பிரிப்பது?

ஒரு நாளுக்கு ஒரு வெளியூர், அதுவும் அரை நாள் மட்டும். மீதி அரை நாள் கடற்கரை, தூக்கம், சாப்பாடு. ஏழில் இரண்டு நாள் எதுவும் திட்டமிடாமல் விடுங்கள். படகு ஓடாத நாளையும் மழை நாளையும் ஈடுகட்ட அவை தேவைப்படும்.

அமால்ஃபிக்குக் காலை எட்டரைக்குள் போய்விடுங்கள். தேவாலயத்தின் 62 படிகளும் அப்போது காலியாக இருக்கும். அதன் வெண்கலக் கதவு 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோப்பிளில் வார்க்கப்பட்டது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பிறகு ஊரின் மேல்கோடிக்கு நடந்தால் பழைய காகித ஆலையில் அமைந்த அருங்காட்சியகம். கந்தல் துணியைக் கூழாக்கிக் கையால் தாள் எடுப்பதைச் செய்தே காட்டுவார்கள். பகல் பயணிகளின் படகுகள் வந்து கூட்டம் சேரும் நேரத்தில் நீங்கள் மினோரிக்குத் திரும்பி மதியச் சாப்பாட்டில் இருக்கலாம்.

ராவெல்லோ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அமால்ஃபியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். வில்லா ருஃபோலோ, வில்லா சிம்ப்ரோனே என இரண்டு தோட்ட மாளிகைகள். ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் சிம்ப்ரோனே. அதன் கோடியில் உள்ள மாடத்துக்குக் கீழே தரையே இல்லை, கடல்தான். மேலே பஸ்ஸில் போய், இறங்கும்போது மினோரிக்குப் படிக்கட்டு வழியாக நடந்து வாருங்கள். ஒரு மணி நேரம் ஆகும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே கஷ்டம், அவர்கள் பஸ்ஸிலேயே திரும்பட்டும்.

மயோரிக்கும் மினோரிக்கும் இடையே உள்ள எலுமிச்சைப் பாதையை எந்த அரை நாளிலும் நடக்கலாம், இரண்டரை கிலோமீட்டர்தான். பாதை முழுக்கக் கற்சுவர் அடுக்கிய படித்தோட்டங்கள். செஸ்ட்நட் மரக்கழிகளால் கட்டிய பந்தலில், நம் ஊர் பாகற்பந்தல் போல, எலுமிச்சை தொங்கும். ஸ்ஃபுஸாத்தோ என்பது இந்த ரகத்தின் பெயர்: இரு முனையும் கூராக நீண்டு, உள்ளங்கையை நிறைக்கும் பழம். குறுக்கே அறுத்தால் மஞ்சள் தோலுக்கு அடியில் வெள்ளைச் சதை விரல் தடிமனில் இருக்கும். அந்த வெள்ளைச் சதை கசக்காது. தோலோடு மெல்லிய வில்லைகளாக அரிந்து உப்போ சர்க்கரையோ தூவி அப்படியே தின்பார்கள். ஒரு காலத்தில் இந்த மூட்டைகளைப் பெண்கள்தாம் தலையிலும் தோளிலும் சுமந்து இதே படிகள் வழியாகக் கரைக்கு இறக்கினார்கள்.

"தெய்வங்களின் பாதை" என்று பெயர் பெற்ற மலைவழிக்கு மட்டும் அரை நாள் போதாது, ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். மலை ஊரான அஜெரோலாவின் பொமெரானோ பகுதியில் தொடங்கி, பொஸித்தானோவுக்கு மேலே உள்ள நொச்செல்லேயில் முடியுங்கள்; இந்தத் திசையில் போனால் பெரும்பாலும் இறக்கம், கடலும் கண் முன்னே இருக்கும். ஆறேழு கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம். நிழல் குறைவு, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள காலணி வேண்டும். அமால்ஃபியிலிருந்து காலையின் முதல் பஸ்களில் ஏறுங்கள். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் தள்ளிப்போடுங்கள், பாறை வழுக்கும். நொச்செல்லேயிலிருந்து கீழே சாலைக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் படிகள். மூன்று மணி நேரம் நடந்த காலுக்கு அது வேண்டாத சோதனை. அங்கிருந்து உள்ளூர்ச் சிற்றுந்து பொஸித்தானோவுக்கு இறங்குகிறது. கடற்கரையில் ஓய்வெடுத்துவிட்டு மாலைப் படகில் திரும்பலாம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அதை விட்டால் மிச்சம் இருப்பது கூட்டமான பஸ் மட்டும்.

காற்று கிளம்பி அலை உயர்ந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், சில நேரம் நடுப்பகலில்கூட. படகில் போன நாளிலும் பையில் ஒரு பஸ் டிக்கெட் இருக்கட்டும். காலையிலேயே படகு இல்லை என்று தெரிந்தால், பஸ்ஸில் சலெர்னோ போய், அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் தெற்கே பேஸ்துமுக்குப் போங்கள். கி.மு. ஆறாம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் கிரேக்கர் எழுப்பிய மூன்று கோயில்கள் புல்வெளியில் நிற்கின்றன. காப்ரித் தீவை மட்டும் இந்த வாரத்துக்குள் திணிக்க வேண்டாம். போக வரவே நாளில் பாதி போய்விடும்.

சாப்பாடும் கடற்கரையும்

மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை, இரவு ஏழரைக்கு மேல். இடையில் பெரும்பாலான சமையலறைகள் மூடியிருக்கும். பசி தாங்காத பிள்ளைகளுக்கு ரொட்டியும் பழமும் வாங்கி வையுங்கள். ரசீதில் "கொபெர்த்தோ" என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருந்தால் அது ஏமாற்று அல்ல, மேசைக் கட்டணம். காப்பியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. எலுமிச்சை பாஸ்தா, சொரெந்தோ பாணி ஞோக்கி (உருளைக்கிழங்கு மாவு உருண்டை), கத்தரிக்காய் பர்மிஜானா (கத்தரிக்காயைத் தக்காளி, சீஸோடு அடுக்கிச் சுட்டது), மார்கெரீத்தா பீட்ஸா எல்லாம் எங்கும் உண்டு. ஆனால் செத்தாரா ஊரின் பெருமையான "கொலத்தூரா" நெத்திலியை உப்பில் ஊறவைத்து வடித்த சாறு. காய்கறிப் பாஸ்தாவிலும் சேர்ப்பார்கள். "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே" என்று, அதாவது இறைச்சியும் மீனும் இல்லாமல் என்று, தெளிவாகச் சொல்லுங்கள். பர்மிஜானோ சீஸ் கன்றின் இரைப்பை நொதியால் செய்யப்படுவது. அது கூடாது என்பவர்கள் "சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ" என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடற்கரைகளில் பெரும்பகுதி கூழாங்கல். ரப்பர் அடி வைத்த நீர்க்காலணி ஒரு ஜோடி இல்லாமல் போகாதீர்கள். குடையும் சாய்வுப் படுக்கையும் வாடகைக்கு விடும் பகுதிக்குக் கட்டணம் உண்டு, பொஸித்தானோவில் மிக அதிகம், மயோரியில் மலிவு. "ஸ்பியாஜ்ஜா லீபெரா" என்ற பலகை இருந்தால் இலவசம். துண்டை விரித்து உட்காரலாம்.

விடுதியில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்குச் சில யூரோ ஊராட்சி வரி தனியாகக் கேட்பார்கள், பல இடங்களில் ரொக்கமாக. அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.

திரும்பும் நாள்

காலை விமானம் என்றால் கடைசி இரவைக் கடலோரத்தில் வைக்காதீர்கள். அலையோ நெரிசலோ ஒன்று தடுத்தாலும் விமானம் போய்விடும். ஆறு இரவு மினோரி, ஏழாவது இரவு சலெர்னோ அல்லது நேப்பிள்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சலெர்னோ என்றால் மாலைப் படகில் வந்து இறங்கி, ரயில் நிலையத்தை ஒட்டியே அறை எடுக்கலாம். விமானம் மாலையில் என்றால், கிளம்பும் நேரத்துக்கு ஏழு மணி நேரம் முன்பு மினோரித் துறையில் பெட்டியோடு நிற்க வேண்டும்.